ஒரு விரலில் திரும்பும் ஸ்டீயரிங்: பிரான்சிஸ் டேவிஸும் 25 ஆண்டு காத்திருப்பும்

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாக அத்திப்பள்ளி எல்லைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கிரானைட் பாளம் ஏற்றிய லாரி, புது வண்டிகளைச் சுமந்து போகும் நீள டிரெய்லர், ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்களை ஏற்றிய கம்பெனி பஸ் என்று வரிசையாகப் போகும். சிப்காட் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு டிரெய்லர் டிரைவர் அத்தனை டன்னையும் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை அலட்டிக்கொள்ளாமல் சுற்றுவார். பின்னால் வரும் குட்டி காரை ஓட்டுபவரோ ஒரே ஒரு விரலில் திருப்புவார்.

இது ஒரு காலத்தில் நடக்கவே நடக்காத காரியம். லாரி டிரைவர் என்றால் முதலில் தோள் பலம் வேண்டும் என்றிருந்த காலம் அது. அதை மாற்றியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். கார் வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். பவர் ஸ்டீயரிங்கை தினமும் பிடிக்கும் நமக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.

அவர் கதையை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பழைய கார் உதிரி பாகங்களை வைத்து எடை குறைந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை தானே கட்டிப் பார்க்கும் ஆசை இன்று பல இளம் இன்ஜினீயர்களுக்கு இருக்கிறது. கட்டி முடித்ததும் அவர்களில் பலருக்கு வரும் தலைவலி ஸ்டீயரிங். பவர் இல்லாவிட்டால் பார்க்கிங்கில் கை வலிக்கிறது. பவர் வைத்தால், ஓடும்போது பஞ்சு மாதிரி இருக்கிறது. எவ்வளவு உதவி போதும்? டேவிஸ் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குத்தான் செலவிட்டார்.

லாரிப் பிரிவின் தலைமைப் பொறியாளர்

பிரான்சிஸ் ரைட் டேவிஸ் 1887 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து 1910இல் பட்டம் பெற்றார்.

வேலை கிடைத்த இடம் நியூயார்க் மாநிலம் பஃபலோவில் இருந்த பியர்ஸ்-ஆரோ கம்பெனி. பணக்காரர்களுக்கான சொகுசு கார்களுக்குப் பேர் போன நிறுவனம் அது. ஆனால் டேவிஸ் வளர்ந்தது லாரிப் பிரிவில். படிப்படியாக உயர்ந்து அந்தப் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஆனார். முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்கு பியர்ஸ்-ஆரோ லாரிகள் போயின. வண்டிகள் வருடத்துக்கு வருடம் பெரிதாகின, எடையும் ஏறியது. திருப்புவதற்கு மட்டும் டிரைவரின் இரண்டு கைகளைத் தவிர வேறு துணையில்லை.

ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது?

நிற்கும் வண்டியில் சக்கரத்தைத் திருப்பினால், டயரில் தரையைத் தொட்டிருக்கும் பகுதி தார் மேல் தேய்ந்துகொண்டே சுழல வேண்டும். முன் அச்சில் எடை கூடக் கூட இந்தத் தேய்மானம் கூடும். டயர் அகலமானாலும், காற்று குறைந்தாலும் கூடும்.

இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு: கியர் விகிதத்தை ஏற்றுவது. ஸ்டீயரிங்கை நிறைய சுற்று சுற்றினால் சக்கரம் கொஞ்சமாகத் திரும்பும். கைக்குக் கனம் குறையும். ஆனால் குறுக்கே ஒரு மாடு வந்தால் அவ்வளவு வேகமாக யாரால் சுற்ற முடியும்? ஸ்டீயரிங் வீலையே பெரிதாக வைப்பது இன்னொரு வழி. நம் ஊர் பழைய லாரிகளில் தட்டு மாதிரி அகன்ற ஸ்டீயரிங் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ கல்லில் மோதினாலோ அந்த உதை அப்படியே ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும். பிடி நழுவினால் வண்டி அதன் இஷ்டத்துக்கு ஓடும். டேவிஸ் தீர்க்க நினைத்தது டிரைவரின் கை வலியை மட்டும் இல்லை, இந்த உதையையும் சேர்த்துத்தான்.

யோசனை பழசு, வால்வு புதுசு

ஸ்டீயரிங்குக்கு இயந்திர உதவி கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தவர் டேவிஸ் அல்ல. 1903இலேயே கொலம்பியா என்ற ஐந்து டன் லாரியில் சக்கரத்தைத் திருப்ப தனியாக ஒரு மின் மோட்டார் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நீராவிக் கப்பல்களில் சுக்கானைத் திருப்ப நீராவி உதவி அதற்கும் முன்பே வந்துவிட்டது. காரிலும் லாரியிலும் நம்பி ஓட்டும் அளவுக்கு, அடக்கமாக, கசியாமல், தாமதம் இல்லாமல் வேலை செய்யும் அமைப்புதான் கிடைக்கவில்லை.

1922இல் டேவிஸ் பியர்ஸ்-ஆரோ வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது 35. தலைமைப் பொறியாளர் பதவியை உதறிவிட்டு பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள வால்தம் ஊரில் சின்னதாக ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்தார். கருவிகள் செய்வதில் கைதேர்ந்த ஜார்ஜ் ஜெசப் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இன்றைய பாஷையில் சொன்னால், இரண்டு பேர் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப்.

டேவிஸ் நம்பியது ஹைட்ராலிக்ஸை, அதாவது எண்ணெய் அழுத்தத்தை. காற்று அமுங்கும், அதனால் உதவி வரத் தாமதமாகும். எண்ணெய் அமுங்காது, தள்ளினால் உடனே தள்ளும். ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எப்போது தேவைப்படும் என்று தெரியாததால், எண்ணெயை எந்நேரமும் உயர் அழுத்தத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். அப்படி வைத்தால் சீல்கள் கசியும், எண்ணெய் சூடாகும், இன்ஜின் சக்தி வீணாகும்.

டேவிஸ் இதைத் தலைகீழாகப் போட்டார். தோட்டத்தில் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முனை திறந்திருந்தால் தண்ணீர் சும்மா வழியும், பைப்பில் அழுத்தமே இருக்காது. முனையைக் கட்டைவிரலால் கொஞ்சம் அடைத்தால் உடனே அழுத்தம் ஏறி தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். விரலை எடுத்தால் மறுபடி சாதாரண ஓட்டம்.

டேவிஸின் வால்வு அந்தக் கட்டைவிரல் மாதிரி. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது வால்வு நடுவில் திறந்தே இருக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் சும்மா சுற்றி வந்து தொட்டிக்கே திரும்பும். டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வால்வு மயிரிழை அளவு நகர்ந்து ஒரு பக்கத்தை அடைக்கும். அந்தப் பக்கம் அழுத்தம் ஏறி, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தைத் திருப்ப உதவும். கை நின்றால் உதவியும் நிற்கும். நடுவில் திறந்திருக்கும் இந்த வால்வு முறைதான் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கின் அடிப்படையாக இருந்தது.

இதில் கவனிக்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, டிரைவருக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுபடவில்லை. பம்ப் நின்றுபோனாலும் ஸ்டீயரிங் வேலை செய்யும், கனமாக இருக்கும், அவ்வளவுதான். இன்றும் ஓடும்போது இன்ஜின் அணைந்துவிட்டால் நாம் பல்லைக் கடித்துக்கொண்டாவது வண்டியை ஓரம் கட்ட முடிவது இதனால்தான்.

இரண்டாவது, உதவி முழுதாக வந்துவிடக் கூடாது. வால்வை நடுவில் பிடித்து வைக்க ஸ்பிரிங்கோ, முறுக்கும் கம்பியோ இருக்கும். டிரைவர் அந்த எதிர்ப்பை மீறித் தள்ளினால்தான் உதவி ஆரம்பிக்கும். அதுவரை தரையின் தகவல் கைக்கு நேராக வரும். இந்த ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்ற முடிவில்தான் பவர் ஸ்டீயரிங்கின் குணமே இருக்கிறது. வீட்டில் கார் கட்டுபவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. அதற்குக் கடைசியில் வருவோம்.

டெட்ராய்ட்டுக்கு ஒரு பயணம்

டேவிஸ் தன் கண்டுபிடிப்பைப் பொருத்தியது 1921 மாடல் பியர்ஸ்-ஆரோ ரன்அபவுட் கார் ஒன்றில். கனமான கார், அதனால் சோதனைக்குச் சரியான ஆள். 1926 அக்டோபரில் அந்தக் காருடன் அமெரிக்க கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டுக்குப் போய் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்களுக்கு ஓட்டிக் காட்டினார். அவ்வளவு பெரிய கார் சுலபமாகத் திரும்புவதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஒப்பந்தம் ஆனது. டேவிஸ் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து தன் அமைப்பை மெருகேற்றத் தொடங்கினார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்து வந்த பெருமந்தத்தில் அமெரிக்க கார் விற்பனை படுத்துவிட்டது. டேவிஸின் ஸ்டீயரிங்கை கேடிலாக் காரில் கொண்டுவரலாம் என்ற திட்டம் கணக்குப் பார்க்கும் மேஜையில் தோற்றது. அச்சு, கருவிகள் எல்லாம் போட்டுத் தயாரிக்க ஆகும் செலவை, விற்கப்போகும் சில ஆயிரம் கார்களில் எடுக்க முடியாது. 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் கையைக் கழுவியது.

தொழில்நுட்பத்தில் குறை இல்லை, சந்தைதான் இல்லை. ஓசூர் சுற்றுவட்டாரத்தில் சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. பொருள் நன்றாகவே இருக்கும், பெரிய கம்பெனியின் ஆர்டர் மட்டும் கடைசி நேரத்தில் வராது.

போர் கொடுத்த வேலை

டேவிஸ் ஓயவில்லை. 1936இல் கார் பாகங்கள் தயாரிக்கும் பெண்டிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார். அதற்குப் பிறகு, யாரை ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டதோ அவருடைய அமைப்பையே அதே குழுமத்தின் பியூக் பிரிவு சோதனைக்கு எடுத்தது. அதுவும் உற்பத்திக்குப் போகும் முன் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

இந்த முறை போர் அவருக்குச் சாதகமாகத் திரும்பியது. கவச வண்டிகளின் முன் அச்சில் இரும்புத் தகடுகளின் எடை ஏறி உட்கார்ந்திருக்கும். குண்டு விழும் இடத்தில் அதை வேகமாகத் திருப்ப வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அமெரிக்காவில் தயாரான செவ்ரோலே கவச கார்களில் டேவிஸ்-பெண்டிக்ஸ் ஸ்டீயரிங் பொருத்தப்பட்டது. போர் முடிவதற்குள் 10,000க்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளில் அது ஏறிவிட்டது. பியர்ஸ்-ஆரோ லாரிகளில் அவர் பார்த்த பிரச்சினைக்கு, கால் நூற்றாண்டு கழித்துப் போர்க்களத்தில் பதில் கிடைத்தது.

காப்புரிமை தீர்ந்த பிறகு வந்த வெற்றி

இங்கேதான் கசப்பான பகுதி. டேவிஸின் அடிப்படைக் காப்புரிமை 1931இல் வழங்கப்பட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள்தான் அதற்கு ஆயுள். அதாவது 1948. அதற்குப் பிறகு அந்த யோசனையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், காசு தரத் தேவையில்லை.

1951இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் ஹைட்ராகைடு என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை அறிமுகப்படுத்தியது. பொதுமக்கள் வாங்கக்கூடிய காரில் பவர் ஸ்டீயரிங் வந்தது அதுவே முதல் முறை. அது காலாவதியான டேவிஸ் காப்புரிமைகள் சிலவற்றை அடிப்படையாகக் கொண்டது.

போட்டியாளர் முந்திக்கொண்டதைப் பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டு டேவிஸையே திரும்ப அழைத்தது. 1952 மாடல் கேடிலாக்கில் பவர் ஸ்டீயரிங் வந்தது. கிட்டத்தட்ட 20 ஆண்டுகளுக்கு முன் அவர் அந்த நிறுவனத்துக்காகச் செய்து வைத்த வேலைதான் அதற்கு அடித்தளம்.

1926இல் ஓட்டிக் காட்டியது, 1951இல் கடைக்கு வந்தது. சரியாக 25 ஆண்டுகள். 39 வயதில் டெட்ராய்ட் போனவருக்கு அப்போது 64 வயது.

உதவி ஓவரானால்?

வந்த பிறகு வேகமாகப் பரவியது. 1950களிலும் 60களிலும் அமெரிக்க கார்கள் கப்பல் மாதிரி பெரிதாகின. ஒரு விரலில் திருப்பலாம் என்பது விளம்பரமே ஆனது. கம்பெனிகள் உதவியை ஏற்றிக்கொண்டே போயின. விளைவு, ரோட்டில் என்ன நடக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. டயர் பிடி விடும் நேரத்தில் ஸ்டீயரிங் லேசாகும். அந்த லேசான மாற்றத்தைக் கை உணர்ந்தால்தான் டிரைவர் சுதாரிப்பார். ஸ்டீயரிங் எப்போதுமே லேசாக இருந்தால் எதை வைத்து உணர்வது?

இதைச் சரிசெய்ய அடுத்த தலைமுறை இன்னொரு வழி கண்டது: வேகத்தைப் பொறுத்து உதவியை மாற்றுவது. 1970இல் வந்த சித்ரோயன் எஸ்எம் காரில், வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் கனமாகும்படி செய்தார்கள். 1988இல் சுஸுகி செர்வோ என்ற குட்டி காரில் எண்ணெயே இல்லாத மின்சார பவர் ஸ்டீயரிங் வந்தது. இப்போது நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் இருப்பது இந்த மின்சார வகைதான். பம்ப், பெல்ட், எண்ணெய்க் குழாய் எதுவும் இல்லை. ஸ்டீயரிங் தண்டில் ஒரு மெல்லிய கம்பி எவ்வளவு முறுக்குகிறது என்று சென்சார் அளக்கும், அதற்கேற்ப மோட்டார் தள்ளும். கருவி மாறியதே தவிர தத்துவம் டேவிஸ் போட்டதுதான். கை முதலில் தள்ள வேண்டும், அதன் பிறகே உதவி.

எடை குறைந்த காருக்கு எவ்வளவு தேவை?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு கணக்குப் போடலாம். நீங்கள் கட்டும் கார் 650 கிலோ, அதில் 45 சதவீதம் முன் சக்கரங்களில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சில் சுமார் 290 கிலோ. பழைய உதிரி பாகக் கடையில் நீங்கள் வாங்கிய ஸ்டீயரிங் 1,000 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக்கிலிருந்து வந்தது. முன்னால் இன்ஜின் இருப்பதால் அதில் 62 சதவீதம், அதாவது 620 கிலோ முன் அச்சில். உங்கள் காரில் பாதிகூட இல்லை.

அப்படியென்றால் திருப்பும் முயற்சியும் பாதி ஆகுமா? இல்லை, அதைவிடக் குறையும். நிற்கும் டயரைத் திருப்பத் தேவையான விசை, அதன் மேல் உள்ள எடையின் 1.5 அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது பொறியாளர்கள் தோராயமாகப் பயன்படுத்தும் கணக்கு. டயர் காற்றழுத்தம் மாறாமல் எடை மட்டும் பாதியானால், முயற்சி மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்துவிடும். ஹேட்ச்பேக்குக்காகச் சரிபார்த்து வைத்த உதவியை அப்படியே உங்கள் காரில் போட்டால் ஸ்டீயரிங் பஞ்சாகாமல் என்ன ஆகும்?

அதனால் முதல் கேள்வி, பவர் ஸ்டீயரிங் தேவையா என்பதே. 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ எடை கொண்ட கார். அதில் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது, ஆனாலும் அதன் ஸ்டீயரிங்குக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். தேவை என்று முடிவெடுத்தால், செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம்.

ஒன்று: முதலில் வடிவியல். முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணத்தை கேஸ்டர் என்பார்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போலத்தான். இந்தக் கோணம் கூடினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பும், கனமும் கொஞ்சம் கூடும். உதவி இல்லாத கார்களில் இதைக் குறைத்து வைப்பார்கள், பவர் உள்ள கார்களில் தாராளமாக வைக்கலாம். ஸ்டீயரிங் நடுவில் உயிரில்லாமல் இருந்தால், உதவியைத் தொடும் முன் கேஸ்டரைப் பாருங்கள். அகல டயரையும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு: அளந்து பாருங்கள். சாதாரண ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். ஸ்டீயரிங் வட்டத்தின் விளிம்பில் மாட்டி, வண்டி நிற்கும்போது எத்தனை கிலோ இழுத்தால் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. கை சொல்வதை நம்பினால் கணக்கு தப்பிடும். நேற்று கனமாகத் தெரிந்தது இன்று பழகிப் போயிருக்கும்.

மூன்று: ஹைட்ராலிக் என்றால் எதைத் தொடுவது என்று தெரிந்து தொடுங்கள். பம்பின் உச்ச அழுத்தத்தைக் குறைத்தால், கடைசி எல்லையில் கிடைக்கும் பலம்தான் குறையும், நடுவில் உள்ள பஞ்சுத்தன்மை போகாது. பம்ப் தரும் எண்ணெய் ஓட்டத்தை, அதன் துளையை மாற்றியோ கப்பியைப் பெரிதாக்கியோ குறைக்கலாம். உதவி மெதுவாகி கொஞ்சம் உணர்வு வரும். ரொம்பக் குறைத்தால், சட்டென்று ஒடிக்கும்போது உதவி பின்தங்கி ஸ்டீயரிங் திடீரெனக் கல்லாகும். உண்மையான குணம் வால்வில் உள்ள முறுக்குக் கம்பியின் தடிமனில் இருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்துவது, எண்ணெயைக் குறைத்து ஊற்றுவது எல்லாம் டியூனிங் இல்லை, விபத்துக்கு அழைப்பு.

நான்கு: மின்சாரம் என்றால் அது வேகத்தின் சிக்னலைத் தேடும். தான் பிறந்த கார் அனுப்பிய சிக்னல் உங்கள் காரில் இல்லை என்றால், பல யூனிட்கள் ஒரே அளவு உதவி தரும் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். சில யூனிட்கள் உதவியை நிறுத்தியே விடும். வெளியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து, திருகியால் உதவியைக் கூட்டிக் குறைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால், திருகியை ஓடும்போது கை படாத இடத்தில் வையுங்கள். வேகத்தில் உதவி திடீரென மாறினால் கை எதிர்பாராமல் அதிகமாக ஒடித்துவிடும். நிறுத்தித் திருப்பும்போது மோட்டார் சில பத்து ஆம்பியர் இழுக்கும் என்பதால் தடித்த வயர், தனி ஃப்யூஸ், நல்ல எர்த் கட்டாயம்.

ஐந்து: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிற்கும்போது, நடை வேகத்தில், மணிக்கு 60 கிலோமீட்டரில் என்று மூன்று நிலையிலும் பாருங்கள். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே நடுவுக்கு வர வேண்டும், வந்த பிறகு இடமும் வலமும் ஆடக் கூடாது. கடைசியாக, உதவியை முழுசா அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த நிலையிலும் காரை உங்களால் பத்திரமாக நிறுத்த முடியாவிட்டால், அந்த கார் இன்னும் தயாராகவில்லை.

எங்கே ஓட்டலாம்?

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. புதிதாக ஒரு கார் சாலைக்கு வர வேண்டும் என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேற வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆக, பட்டறையில் கட்டிய காரை எடுத்துக்கொண்டு ஜூஜூவாடி தாண்டி பெங்களூருக்கு ஒரு ரவுண்டு போய்வரலாம் என்ற கனவு வேண்டாம்.

ரேஸ் டிராக் வேறு கதை. இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் டிராக்குகள் இருக்கின்றன. செட்டிபாளையத்தில் இருப்பது, மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய கோவைக்காரர் எஸ்.கரிவர்தன் நினைவாகப் பெயர் பெற்ற கரி மோட்டார் ஸ்பீட்வே. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடந்திருக்கிறது. தப்பு செய்து பார்க்க, திருத்திக்கொள்ள அதுதான் இடம்.

மிச்சம் இருப்பது

டேவிஸ் 1978 ஏப்ரல் 16 அன்று, 90ஆவது வயதில் இறந்தார். கார்களில் பவர் ஸ்டீயரிங் சாதாரணமாகிவிட்டதைப் பார்க்கும் அளவுக்கு வாழ்ந்தார். தன் பெயரில் ஒரு கார் கம்பெனி அவருக்கு இல்லை. காப்புரிமை உயிரோடு இருந்தபோது சந்தை வரவில்லை, சந்தை வந்தபோது அடிப்படைக் காப்புரிமை உயிரோடு இல்லை.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1980இல், ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. அதே காலகட்டத்தில் டிவிஎஸ் 50 மொபெட்டும் அங்கிருந்து வெளியே வந்தது. கனரக வண்டியும், பவர் ஸ்டீயரிங் என்ற பேச்சுக்கே இடமில்லாத குட்டி வண்டியும் ஒரே ஊரில் தயாராகின. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது உங்கள் 650 கிலோ கார். கவச வண்டிக்குத் தேவைப்பட்ட பலம் அதற்கு வேண்டாம். கை கேட்கும்போது மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் கொடுக்கும் உதவி போதும். அந்த அளவு எவ்வளவு என்பது டேவிஸின் வால்விலும் எழுதி வைக்கப்படவில்லை. ஸ்பிரிங் தராசைக் கையில் எடுத்தால்தான் தெரியும்.